நிற்கத் தெரியாத கார்

லண்டன் விமான நிலையத்தில் என் கடவுச்சீட்டைப் புரட்டிய அதிகாரி, என்ன தொழில் என்று கேட்டார். விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் மோட்டார் சர்வேயர் என்றேன். "அப்படியானால் எங்கள் சாலைகள் உங்களுக்கு அலுப்பாக இருக்கும்" என்று சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். அவர் சொன்னதை நம்பித்தான் வெளியே வந்தேன். லண்டனில் இருந்த அத்தனை நாளும் அந்த அலுப்பு எனக்கு ஒரு நிமிடம்கூட வாய்க்கவில்லை.

2006 ஜூன் மாதம். என் தங்கை வசந்தியின் மகள் அபிராமிக்கு பரதநாட்டிய அரங்கேற்றம். "பெரியம்மா இல்லாமல் மேடை ஏற மாட்டேன்" என்று பிள்ளை தொலைபேசியில் சொல்லிவிட்டாள். திருநெல்வேலியில் என் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். இருபத்திரண்டு வருடத்தில் எனக்கு அது முதல் நீண்ட விடுமுறை. நாங்குநேரிக்கும் வள்ளியூருக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிற எதையும் ஒரு வாரம் பார்க்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

வரவேற்க வந்தவர் வசந்தியின் கணவர் யோகன். யாழ்ப்பாணத்துக்காரர். எண்பதுகளில் பாளையங்கோட்டையில் படிக்க வந்தவர். படிப்பையும் முடித்து, என் தங்கையையும் கட்டிக்கொண்டு லண்டன் போனவர். வடக்கு லண்டனில், எட்மண்டன் என்ற பகுதியில் பெட்ரோல் நிலையம் நடத்துகிறார். சாது. என்னை வசந்தி எப்படிக் கூப்பிடுவாளோ அப்படியே அக்கா என்று கூப்பிடுவார். அந்த மனிதர் நிறுத்துமிடத்தில் ஒரு காரின் பக்கத்தில் புது மாப்பிள்ளை போல நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கோ அக்கா, வாங்கோ! பெட்டியைத் தாங்கோ. ஆளைப் பாத்தீங்களோ? நாப்பது வயசு!"

அவர் சொன்ன ஆள் அந்தக் கார். மிளகாய்ப் பழச் சிவப்பு. நம் ஊர்ச் சின்னக் கார் இரண்டை வரிசையாக நிறுத்தினால் வருகிற நீளம். அமெரிக்காவில் செய்தது. மஸில் கார் என்பார்கள். அறுபதுகளில் அந்த நாட்டுக்காரர்கள் சாதாரணக் காரின் உடம்புக்குள் எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணித்து, இளவட்டங்களிடம் கொடுத்துவிட்டு, அவர்கள் செத்ததைப் பிறகு கணக்கெடுத்தார்கள். படித்திருந்தேன். கண்ணால் பார்ப்பது முதல் தடவை.

அமெரிக்கக் கார் என்பதால் ஸ்டியரிங் இடது பக்கம். வலது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். நம் ஊரில் ஓட்டுகிறவர் உட்காரும் இடம் அது. என் முன்னால் ஸ்டியரிங்கும் இல்லை, பிரேக்கும் இல்லை. வெளியேறும் தடுப்பில் சீட்டு போடும் இயந்திரம் என் பக்கம் இருந்தது. எனக்கோ கை எட்டவில்லை. இடுப்பில் மட்டும் கட்டும் பழைய பெல்ட்டை அவிழ்த்து, ஜன்னல் வழியாகப் பாதி உடம்பை நீட்டிச் சீட்டைச் செருகினேன். பின்னால் நின்ற கார்க்காரர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதில் சேலையோடு ஜன்னலில் தொங்கியதுதான் லண்டன் எனக்குக் கொடுத்த முதல் காட்சி.

அதுகூடப் பரவாயில்லை. குறுகலான ஒரு சாலையில் எங்களுக்கு முன்னால் ஒரு லாரி போனது. யோகன் அதன் முதுகை ஒட்டிக்கொண்டு போனார்.

"அக்கா, எட்டிப் பாருங்கோ, முன்னால ஏதும் வருதோ?"

"நான் ஏன் பார்க்கணும்?"

"ஸ்டியரிங் இந்தப் பக்கமெல்லோ? லாரிக்கு அங்கால எனக்குத் தெரியாது. வழமையா வசந்திதான் பாத்துச் சொல்லுவா."

எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேன் ஒன்று வந்துகொண்டிருந்தது. "வருது!" என்றேன். எஞ்சின் போட்ட சத்தத்தில் அது அவர் காதில் "வரலை" என்று விழுந்துவிட்டது. கார் பாதி வெளியே தலை நீட்டியது. நான் என் காலடியில் இருந்த வெறும் தரையை மிதி மிதியென்று மிதித்தேன். வேன்காரர் ஹாரனை அழுத்திய அழுத்தத்தில் யோகன் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, கொஞ்சம் வருத்தமாக, "தெளிவாச் சொல்லவேணும் அக்கா" என்றார்.

தப்பு என்னுடையதாம்! வீடு வந்து சேரும்வரை நான் தரையை மிதித்துக்கொண்டேதான் வந்தேன்.

மறுநாள் வசந்தி என்னை ஈஸ்ட் ஹாமுக்கு அழைத்துப் போனாள். பூ, சதங்கைக்குத் தோல், தாம்பூலப் பைகள். நல்லவேளை, ரயிலில். அந்த ரயிலும் இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே நின்றது. அரை மணி நேரம். ஒலிபெருக்கியில் ஒருவர் மூன்று முறை மன்னிப்புக் கேட்டார். பெட்டியில் ஒரு வாய் திறக்கவில்லை. எங்கள் ஊர்ப் பாசஞ்சரில் இதற்குள் நாலு பேர் இறங்கி எஞ்சின் வரை நடந்து போய் விசாரித்து வந்திருப்பார்கள். ஒரு புளியோதரைப் பொட்டலம் பிரிந்திருக்கும். இங்கே என் எதிரே இருந்தவர் ஒரே செய்தித்தாளை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நிற்க வேண்டும் என்றதும் அந்த ரயில் நின்றது.

ஈஸ்ட் ஹாம் கடைத்தெருவில் நான் லண்டனில் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. முருங்கைக்காய், நகைக்கடை, சேலைக்கடை, கடை வாசலில் அடுக்கிய மாம்பழப் பெட்டி. சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் வந்தன. சொதி என்றதும் ஆசையாக உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து. காய்கறியும் தேங்காய்ப்பாலும் கெட்டியாக, இஞ்சித் துவையலோடு. இங்கே வந்தது தண்ணீராய், மஞ்சளாய், வெங்காயம் மிதந்தது. "இதுவாட்டி சொதி?" என்றேன். "ஓம், இதுதான் சொதி" என்றாள் என் தங்கை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள், 'ஆமா'வுக்கு 'ஓம்' என்கிறாள்! இரண்டாவது கை இடியப்பத்துக்கு அந்தத் தண்ணீர்ச் சொதியும் நன்றாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அங்கே வைத்துத்தான் காரைப் பற்றிக் கேட்டேன். "அந்த வண்டியில நீ மூணு வருஷமா எட்டிப் பார்த்துச் சொல்லிக்கிட்டு இருக்கியா?"

"அவருக்கு அதில ஒரு சந்தோஷம்க்கா. குடிக்கிறதில்லை, வேற ஒண்ணும் இல்லை. சனிக்கிழமை அபியை அந்தக் காரில மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு ஒரு வருஷமாச் சொல்லிட்டு இருக்கார். பின் சீட்டு முழுக்கப் பூ வச்சு, அவளை நடுவில உக்கார வைக்கப் போறாராம்."

"பின் சீட்டில பெல்ட் இருக்கா?"

வசந்தி இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "அந்தக் காலத்துக் காருக்கு வேண்டாமாம். சட்டத்திலேயே விலக்கு இருக்காம்" என்றாள். சட்டம் விலக்குக் கொடுத்தால் சுவரும் விலக்குக் கொடுக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். கடையில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். அடக்கிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை யோகன் ஒரு காகிதத்தோடு வந்தார். அந்தக் காரின் இன்சூரன்ஸ். ஓட்ட அனுமதி உள்ளவர்கள் என்ற இடத்தில் மூன்றாவதாக என் பெயர் இருந்தது. எழுத்துப் பிழை இல்லாமல்.

"நீங்க வாறதுக்கு முந்தியே போட்டிட்டன். காரைப் பற்றி இவ்வளவு தெரிஞ்ச மனுசி, ஒருக்கா ஓட்டிப் பாக்காமப் போகேலாது."

 என் தொழிலில் இருபத்திரண்டு வருடம் ஆண்கள் என்னைத் தாண்டி என் உதவியாளரிடம்தான் பேசியிருக்கிறார்கள். என்னை நம்பித் தன் உயிரான காரின் சாவியை நீட்டிய முதல் ஆண் இவர்தான்.

அவருடைய பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் கிடங்குகள் இருக்கும் தெரு. நேரான சாலை, ஆள் இல்லை. ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தேன். இடது கை கியரைத் தேடிப் போய்க் கதவில் முட்டியது. கியர் வலது கைக்கு. சாவியைத் திருப்பியதும் சீட்டு வழியாக முதுகெலும்பில் ஒரு நடுக்கம் ஏறியது. மெதுவாக இரண்டாவது கியர். "மிதியுங்கோ அக்கா!" என்றார் யோகன். மிதித்தேன்.

அதை எப்படிச் சொல்வது? முன்பக்கம் லேசாகத் தூக்கியது. பின்பக்கம் பூமியில் அமர்ந்து என்னை முதுகில் கை வைத்துத் தள்ளியது. கிடங்குச் சுவர்கள் இரண்டு பக்கமும் சிவப்புக் கோடாக ஓடின. பின் சக்கரம் ஒரு சாண் வழுக்கியது. நான் ஸ்டியரிங்கை ஒடித்து நேராக்கியதும் சொன்னபடி கேட்டது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன் என்று யோகன் பிறகு சொன்னார். எனக்கு நினைவில்லை. சிரித்திருப்பேன். இந்தக் கட்டுரை முழுக்க நான் திட்டப் போகிற அந்தக் கார் எனக்குப் பிடித்திருந்தது. அதை மறைத்தால் நான் பொய்க்காரி.

தெருவின் கோடி வந்தது. பிரேக்கை மிதித்தேன். கால் பாதி ஆழம் போன பிறகுதான் ஏதோ பிடித்தது. பிடித்ததும் கார் வலது பக்கம் இழுத்தது. இடது பக்கமாகப் போகும் ஊரில் வலது பக்கம் என்றால் எதிரே வருகிறவன் மேல். தெரு காலியாக இருந்ததால் நாங்கள் நடுச்சாலை தாண்டிக் கோணலாக நின்றோம்.

என் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, சேலையைச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தேன். இடது முன் சக்கரத்தின் உள்பக்கம் ஈரம். விரலில் தொட்டு முகர்ந்தேன். பிரேக் ஆயில். பிரேக்கை அழுத்தித் தரும் வீல் சிலிண்டர் கசிந்து, அந்தச் சக்கரத்தை உரசிப் பிடிக்கும் லைனிங் நனைந்திருக்கிறது. அதனால்தான் வலது சக்கரம் மட்டும் பிடிக்கிறது.

"யோகன், இதுக்கு ஆயில் எப்போ ஊத்துனீங்க?"

"குறைஞ்சா ஊத்துவன். முந்தி மாசத்துக்கு ஒருக்கா. இப்ப கிழமைக்கு ஒருக்கா."

கிழமைக்கு ஒருக்கா! வாரம் ஒரு தடவை! நான் எழுந்து நின்று அவருக்கு விளக்கினேன். இன்றைய காரில் பிரேக் ஆயில் இரண்டு தனி வழியாகப் போகும். ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். 1966இல் செய்த இந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி. அந்த ஒரு சிலிண்டர் விட்டுவிட்டால் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. ஸ்டியரிங் தண்டு வேறு ஒரே இரும்புக் கம்பி. முட்டினால் மடங்காது, ஓட்டுகிறவர் நெஞ்சுக்கு வரும்.

யோகன் பொறுமையாகக் கேட்டார். "எம்.ஓ.டி. எண்டு இங்க வருசாவருசம் காரைச் சோதிக்கிறவை அக்கா. போன செப்டெம்பரில பாஸ் பண்ணினது. அந்தச் சாமான் அமெரிக்காவில இருந்து வரவேணும், ஓடர் குடுத்திருக்கு. வாற கிழமை மாத்திப் போடுவன்."

"அப்போ வர்ற கிழமை வரைக்கும் வண்டியை எடுக்காதீங்க."

"சனிக்கிழமை அபியின்ர அரங்கேற்றம்."

"டாக்சியில போகலாம்."

அவர் காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் வந்த புதுசில பதினொரு வருசம் கண்ணாடிக்குப் பின்னால இருந்து மற்றவைக்குப் பெற்றோல் அடிக்க விட்டனான். ஒரு நாள் ஒருத்தன் இதே மாதிரி ஒரு கார் கொண்டு வந்தான். கிட்டப் போய்ப் பாத்தன். 'தொடாதே' எண்டான், நாயை விரட்டுற மாதிரி. எனக்கும் ஒரு நாள் வருமெண்டு நினைச்சனான். அந்த நாள் சனிக்கிழமை அக்கா."

 ஆனால் வீல் சிலிண்டருக்கு இந்தக் கதை தெரியாதே!

வெள்ளிக்கிழமை, அரங்கேற்றத்துக்கு முன் காருக்குப் பூசை வைக்க வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குக் கிளம்பினார். நான் வர மாட்டேன் என்றேன். வசந்தி என் முகத்தைப் பார்க்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கூடப் பிறந்தவளை அதில் அனுப்பிவிட்டு நான் பஸ்ஸில் போவதா? பின்னால் ஏறினேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை.

கோயிலில் கூட்டம். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அய்யர் பானட்டில் சந்தனம் தொட்டு வைத்தார். மலேசியாவில் இருந்து வந்து குடியேறிய ஒரு தமிழர், கண்ணாடி போட்டவர், வேட்டியோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "என்னா வண்டி லா!" என்று என்னிடம் சொன்னார். "பிரேக் இல்லை" என்றேன். நான் நகைச்சுவை சொன்னதாக நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நாலு எலுமிச்சம்பழமும் நசுங்கின. அம்மனை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் வேலை வேறு, மெக்கானிக் வேலை வேறு.

திரும்பும் வழியில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பாதசாரிகள் கடக்கும் இடம் ஒன்று வந்தது. எண்பது வயது வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு அதில் காலை வைத்தார். இந்த ஊரில் அப்படிக் காலை வைத்தால் உலகம் நின்றுவிடும் என்பது அவருடைய நம்பிக்கை. நியாயமான நம்பிக்கை. யோகன் ஒரு முறை மிதித்தார், இரண்டு முறை, மூன்று முறை. கார் வலப்பக்கம் இழுத்துக்கொண்டு கோட்டின் மேல் ஏறி நின்றது. பையின் சக்கரத்துக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவே ஒரு முழம்.

பாட்டி நடுங்கவில்லை. கைத்தடியைத் தூக்கிப் பானட்டில், சந்தனப் பொட்டுக்குப் பக்கத்திலேயே, ஓங்கி ஒன்று போட்டார். ஜன்னலுக்கு வந்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "இளைஞனே, நிறுத்தத் தெரியாதவன் கிளப்பக் கூடாது. இந்தக் கப்பலை ஆற்றில் கொண்டு போய் விடு."

நாற்பத்தேழு வயது இளைஞர் மன்னிப்புக் கேட்டார். பாட்டி போனதும் எங்கள் பக்கம் திரும்பி, "நிண்டதுதானே?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். பிள்ளையை இதில் ஏற்றினால் நான் அரங்கேற்றத்துக்கே வரமாட்டேன் என்றேன். அவரும் குரலை உயர்த்தினார். அதற்கு முன் நான் அவர் குரலை அப்படிக் கேட்டதில்லை.

"இந்தியாவில ஒரு ஸ்கூட்டரில நாலு பேர் போறியள். பஸ்ஸில தொங்கிக்கொண்டு போறியள். இங்க வந்து எனக்குப் பாதுகாப்புச் சொல்லித் தாறியளோ?"

"ஆமா, நாலு பேர் போறாங்க! அந்த நாலு பேரையும் பாயில சுத்தி வச்சிருக்கிறதைப் பார்த்துட்டு வர்றவ நான்!"

 வீடு வந்ததும் வசந்தி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அபிராமிதான் எனக்குத் தேநீர் கொண்டுவந்து தந்தாள். பதினைந்து வயது, ஆங்கிலத்தில்தான் பேசுவாள். "பெரியம்மா, அந்தக் காரில் போவது எனக்குப் பயம்தான். ஆனால் அப்பாவிடம் சொல்ல முடியாது. அவர் முகம் வாடிவிடும்" என்றாள்.

நான் அன்றே முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை வீடே அமளி. பூக்காரர், ஒப்பனைக்காரர், வீடியோக்காரர். யோகன் பட்டுவேட்டி கட்டிக்கொண்டிருந்தார். நான் வாசலுக்குப் போனேன். அந்தக் காலத்து அமெரிக்கக் காரின் பானட்டைத் திறக்கச் சாவி வேண்டாம். முன்னால் ஒரு கொக்கி, அவ்வளவுதான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த ரோட்டாரை உருவினேன். கட்டைவிரல் அளவு இருக்கும். அது இல்லாமல் எந்தச் சிலிண்டருக்கும் மின்பொறி போகாது. மூடியைத் திரும்ப மாட்டி, ரோட்டாரைக் கைக்குட்டையில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.  இப்படிச் செய்தவர்களைப் பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில்.

பின் சீட்டில் மல்லிகையும் ரோஜாவும் நிறைந்திருந்தன. தெருவில் அண்டை வீட்டார் கூடிவிட்டார்கள். அபிராமி நகையும் உடையுமாகப் படியிறங்கி வந்தாள். யோகன் சாவியைத் திருப்பினார். எஞ்சின் இருமியது, சுழன்றது, பிடிக்கவில்லை. மறுபடி. மறுபடி. வீடியோக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். யோகனின் பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பத்து நிமிடம் அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, கைப்பையைத் திறந்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. திறக்கவில்லை.

கடைசியில் வசந்தி மினிகேப் என்கிற வாடகைக் கார் கூப்பிட்டாள். சில்ஹெட்டில் இருந்து வந்த பங்களாதேஷ்காரர் ஓட்டினார். எல்லோரும் ஏறினோம். அவர் வண்டியை எடுக்காமல் பின்னால் திரும்பி, பெல்ட் போடச் சொன்னார். உடை கசங்கும் என்றாள் வசந்தி. "சகோதரி, உடையை இஸ்திரி போடலாம்" என்றார் அவர். போட்ட பிறகுதான் நகர்ந்தார். அந்த மனிதரின் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது.

இருபது நிமிடம் தாமதம். நாட்டிய ஆசிரியை எங்களை ஒரு பார்வை பார்த்தார். ஆனால் திரை விலகியதும் எல்லாம் மறந்துவிட்டது. அபிராமி ஆடினாள். ஜதி வேகமெடுத்து, மிருதங்கம் துரத்தி, கடைசித் தட்டில் அவள் கால் ஊன்றியது. அங்கேயே நின்றாள். ஒரு மயிரிழை முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மண்டபம் கைதட்டியது. நான் அழுதேன்.

சாப்பாடு முடிந்ததும் யோகனைத் தனியாகக் கூப்பிட்டு, கைக்குட்டையைப் பிரித்துக் கையில் கொடுத்தேன். அதை விரலால் திருப்பிப் பார்த்தார்.

"என்ர பிள்ளையை நான் கொல்லுவன் எண்டு நினைச்சனீங்களோ அக்கா?"

"உங்களை நினைக்கலை. அந்த வீல் சிலிண்டரைத்தான் நினைச்சேன்."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

ஒரு சொல்லா! இரண்டு நாளாக நான் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்? வசந்தி என் பக்கம் நிற்பாள் என்று திரும்பினேன். அவள், "அத்தனை பேர் முன்னால அவரைத் தலைகுனிய வச்சிட்டியேக்கா" என்று சொல்லிவிட்டு அவர் பின்னால் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் அந்த எஞ்சின் உறுமியது. ரோட்டாரை மாட்டிவிட்டார். ஓடிப் போய் ஜன்னலைத் திறப்பதற்குள் சிவப்பு வால் தெருமுனையில் திரும்பிவிட்டது. கடைக்குத் தண்ணீர் பாட்டில்கள் எடுத்துக்கொண்டு போவதாகச் சொன்னாராம். எனக்குக் காட்டத்தான் போனார் என்று எனக்குத் தெரியும்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி வந்தது. பெட்ரோல் நிலையத்துக்கு முந்தைய வளைவில் பிரேக் மிதி தரை வரை போய்விட்டது. முன்னால் பஸ் நிறுத்தம். அதில் ஆறேழு பேர். யோகன் ஸ்டியரிங்கை ஒடித்துத் தன் நிலையத்தின் செங்கல் சுவரிலேயே காரைக் கொண்டு மோதியிருந்தார். அந்த ஆறேழு பேரில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. நானும் வசந்தியும் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிப் போயிருந்தது.

நான் ஆயிரக்கணக்கில் நசுங்கிய வண்டி பார்த்தவள். கால் தானாகவே காரைச் சுற்றி வந்தது. ஸ்டியரிங் ஒரு சாண் உள்ளே வந்திருந்தது. முன் கண்ணாடி உடைந்திருந்தது. ஆனால் அந்தக் கண்ணாடி உடைந்த விதம் வேறு. சில்லுகள் எல்லாம் வெளிப்பக்கம், பானட்டின் மேல் சிதறிக் கிடந்தன. உள்ளிருந்து ஏதோ உடைத்துக்கொண்டு போயிருக்கிறது. சுவரோரம் பார்த்தேன். பின் சீட்டில் இருந்த தண்ணீர் பாட்டில் பெட்டி அங்கே கிழிந்து கிடந்தது. சீட்டின் இடுக்கில் நேற்றைய மல்லிகை இன்னும் இருந்தது. வசந்தி அந்தப் பெட்டியையும் பார்த்தாள், பின் சீட்டையும் பார்த்தாள். என் கையை அவள் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று உடைந்தது.

ஆஸ்பத்திரியில் மாலைதான் பார்க்க விட்டார்கள். மூன்று விலா எலும்பு முறிவு, தாடையில் தையல். சொல்ல வேண்டியதையெல்லாம் வழி முழுக்க அடுக்கி வைத்திருந்தேன். சொன்னேனா இல்லையா, கேட்டீர்களா இல்லையா என்று தொடங்குவதாக இருந்தது.

அவர் என்னைப் பார்த்ததும் மெதுவாகச் சொன்னார்: "அந்தப் பெட்டி என்ர காதடியால போனது அக்கா. காத்து அடிச்ச மாதிரி." பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நான் போர்வையை இழுத்து அவர் தோளில் போர்த்திவிட்டேன்.

வசந்தி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். "அந்தக் காரை நீங்க விக்கிறீங்களா, நான் விக்கட்டுமா?"

"இன்சூரன்ஸ்காரர் வந்து பாக்கட்டும். திருத்தலாம் எண்டால்…" என்றவர் வலியோடு தலையை என் பக்கம் திருப்பினார். உடைந்த மனிதரின் கண்ணில் அப்போதும் ஒரு வெளிச்சம் மிச்சமிருந்தது. "அக்கா, நீங்க பாத்தனீங்கள்தானே? நீங்க சொன்னாச் சரி. திருத்த ஏலுமோ?"

திருத்தலாம். அடிச்சட்டம் வளையவில்லை, நான் குனிந்து பார்த்திருந்தேன். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்பக்கத்தை மாற்றி, பிரேக்குக்கு இரண்டு வழி போட்டு, மடங்குகிற ஸ்டியரிங் தண்டு வைத்து, பின்னால் பெல்ட் பொருத்தினால் அந்தக் கார் இன்னும் நாற்பது வருடம் ஓடும். நன்றாகவே ஓடும். இருபத்திரண்டு வருடத்தில் லஞ்சத்துக்கோ மிரட்டலுக்கோ நான் ஒரு தடவைகூடப் பொய் அறிக்கை கொடுத்ததில்லை.

அவர் கண்ணை நேராகப் பார்த்து, அவருக்கு நன்றாக விளங்கட்டும் என்று அவருடைய தமிழிலேயே சொன்னேன்.

"ஏலாது."